நீள லீவுக்கு மலையும் கடலும்: ஊருக்குள்ளேயா, ரிவர்ஸ்டனா, திரியாயா?

ஏப்ரல் லீவு நெருங்கினால் எங்கள் கூட்டத்தில் இந்தக் கதை தொடங்கிவிடும். கொழும்பில் வேலை செய்கிறவர்கள் எங்கள் ஊரான திருகோணமலைக்கு வருவார்கள், வெளிநாட்டில் இருக்கிறவர்களும் ஒன்றிரண்டு பேர் வந்திருப்பார்கள், எல்லாரும் சேர்ந்து ஒரு நாளாவது நடக்க வேண்டும், அதில் மலையும் இருக்க வேண்டும், கடலும் இருக்க வேண்டும். ஒருவர் மாத்தளைப் பக்கத்து மலையான ரிவர்ஸ்டன் என்பார், இன்னொருவர் சும்மா கோணேசர் கோயிலுக்கு ஏறிவிட்டு டச்சுக் குடாவில் குளிப்போம் என்பார், மற்றவர் சம்பூர்ப் பக்கம் யாருமே போவதில்லை என்பதாலேயே அங்கே போகலாம் என்பார். என்னைக் கேட்டால் பதில் ஊருக்கு வடக்கே இருக்கிற திரியாய்தான். விடிந்ததும் திரியாய் மலை, வெயில் இறங்கியதும் குச்சவெளிக் கரை. ஆனால் அது எல்லா மாதத்துக்கும், எல்லாக் கூட்டத்துக்கும் பொருந்தாது, அதனால் மற்ற வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். திருகோணமலை மாவட்டத்தில் நடைக்குப் போகும் இடத்தைத் தூரத்தை வைத்தோ மலையின் உயரத்தை வைத்தோ தீர்மானிக்க ஏலாது. இங்கே உள்ள மலைகள் எல்லாம் சின்னவை, அரை மணித்தியாலத்துக்குள் உச்சிக்குப் போய்விடலாம். ஆளை விழுத்துவது வெயிலும் மணலும்தான். ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நிற்கும், திருகோணமலையைக் கடப்பது சரியாகப் புத்தாண்டுக்கு ஓரிரு நாள் முன்பு. அந்த நேரம் மத்தியானத்தில் ஒரு தென்னையின் நிழல்கூட அதன் அடியிலேயே சுருண்டு கிடக்கும், ஒதுங்க இடம் இருக்காது. நாங்கள் லீவு எடுப்பதும் அதே வாரத்தில்தான்.

மணல் அடுத்தது. எங்கள் கடலில் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றர்கூட வராது, அதனால் மற்ற நாட்டுக் கடற்கரைகளில் வற்றுக்காலத்தில் கிடைக்கிற அகலமான இறுகிய ஈரமணல் இங்கே கிடைக்காது. கால் புதையாத இடம் என்று அலை நனைக்கிற ஒரு ஒடுங்கிய பட்டைதான் இருக்கும், அதுவும் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். தெற்கு நோக்கி நடந்தால் இடது கால் எப்போதும் தாழ்வில், வலது கால் மேட்டில். ஒரு மணித்தியாலம் போனதும் இடுப்பின் ஒரு பக்கமும் ஒரு முழங்காலும் மட்டும் வலிக்கத் தொடங்கும், ஆட்கள் அதைக் களைப்பு என்று நினைப்பார்கள். களைப்பில்லை அது, சரிவு. இடைக்கிடை மேலே காய்ந்த மணலுக்கு ஏறிச் சப்பாத்தோடு கொஞ்சத் தூரம் நடந்தால் சரியாகிவிடும். அதனால்தான் கடற்கரை நடைக்கு வெறுங்காலோடு வந்தால் போதும் என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை.

சரி, இனி இடங்களுக்கு வருவோம்.

ஊருக்குள்ளேயே நடப்பது என்றால் கோட்டை வாசலால் நுழைந்து கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலை உச்சிக்கு ஏறுவது. பிரெட்ரிக் கோட்டைக்குள் மரங்கள் நிறைய, பாதை தார் போட்டது, வயதான அம்மா அப்பாவைக்கூடக் கூட்டிக்கொண்டு போகலாம். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் பழைய கோயிலை இடித்து அந்தக் கல்லையும் போட்டுக் கட்டிய கோட்டை இது, ஒல்லாந்தர் பிடித்தார்கள், அப்புறம் 1795இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், பெயர் அவர்கள் வைத்தது. மேலே இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவில் நின்று கீழே பார்த்தால் கடல் பாறையின் அடியில் கரு நீலமாகத் தெரியும். பிள்ளை வேண்டிக் கட்டிய சின்னத் தொட்டில்கள் மரத்தில் தொங்கும், காற்று அடித்தால் ஒன்றோடொன்று தட்டும். காலையில் பூசை நேரத்துக்குப் போய்விட்டு இறங்கினால் எட்டரைக்குள் டச்சுக் குடாவில் இருக்கலாம். அங்கே புள்ளிமான்களுக்குக் கச்சான் (நிலக்கடலை) சரை, பணிஸ் பை எதையும் நீட்ட வேண்டாம், பொலித்தீனைச் சேர்த்து விழுங்கிவிடுகின்றன, அதில் செத்துப்போன மான்கள் இருக்கின்றன. வெளியூரிலிருந்து வருகிற நண்பர்களுக்கு இதை வாசலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இதன் குறை என்னவென்றால் இது நடை இல்லை, கோயில் பயணம். அதற்கு அதன் மரியாதை உண்டு, ஆனால் நீண்ட நாளைக்குப் பிறகு சந்திக்கிற நண்பர்கள் கதைத்துக்கொண்டே போக வேண்டுமென்றால் ஒரு மணித்தியாலத்தில் முடிகிற பாதை போதாது. போதாது என்று நினைத்தால் உப்புவெளியிலிருந்து சல்லி, சாம்பல்தீவு தாண்டி நிலாவெளி வரை கரையோடு நீட்டலாம். நல்ல கரைதான். ஆனால் சாம்பல்தீவில் களப்பு கடலோடு சேரும் வாய் இருக்கிறது. மழைக்காலம் முடிந்த கையோடு போனால் அது திறந்து கிடக்கும், பார்க்க முழங்கால் அளவு போலத் தெரிந்தாலும் இழுவை பொல்லாதது, கடக்கவே வேண்டாம், பின்னால் திரும்பிப் பாலத்தால் போங்கள். காய்ந்த மாதங்களில் மணல் அடைத்திருக்கும், அப்போது பிரச்சினை இல்லை. நிலாவெளிக்கு நடந்து போய்ச் சேர்ந்தவுடன் யாராவது ஒருவர் புறாத்தீவுக்குப் படகு எடுப்போம் என்பார். அது 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இடம், முருகைக்கல்லும் மீனும் பார்க்க அதற்கென்று ஒரு காலை ஒதுக்க வேண்டும், நடந்து களைத்த காலோடு போய் முருகைக்கல்லை மிதித்து உடைக்கக் கூடாது. இரண்டையும் ஒரே நாளில் திணிப்பதை நான் கடுமையாக எதிர்ப்பேன்.

சம்பூர்ப் பக்கம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிண்ணியாப் பாலமும் அதற்கு அப்பால் உள்ள பாலங்களும் வந்தபிறகு மூதூருக்கு வாகனத்தில் போவது கஷ்டமில்லை. கொட்டியாரக் குடாவின் வாயில் பழைய வெளிச்சவீட்டுப் பக்கம் நின்று பார்த்தால் சுவாமி மலையும் துறைமுக வாயும் எதிர்க்கரையில் தெரியும், ஊரை அப்படி வெளியிலிருந்து பார்க்க வேறு இடம் இல்லை. ஆனால் நிழல் குறைவு, கடைகள் குறைவு, ஏறுவதற்கு என்று ஒரு மலையும் பாதையில் இல்லை. மலையும் கடலும் சேர்ந்து வேண்டும் என்பதுதானே பேச்சு, அந்தக் கணக்கில் இது விழுந்துவிடும். சைக்கிளில் போகிறவர்களுக்கு என்றால் முதலாவதாகச் சொல்வேன்.

ரிவர்ஸ்டன் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் எங்கள் வாக்கெடுப்பில் எப்போதும் அதுதான் வெல்லப் பார்க்கும். இது மாத்தளை மாவட்டம், நக்கிள்ஸ் மலைத்தொடர், 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. இங்கிருந்து ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, பிறகு ரத்தோட்டையால் மேலே ஏற வேண்டும். விடியப்புறம் வெளிக்கிட்டாலும் மலையில் கால் வைக்கும்போது பகல் ஏறிவிடும், அதனால் ஒரு இரவு தங்கியே ஆக வேண்டும். தங்கினால் அது வேறு உலகம். ரிவர்ஸ்டன் கணவாயில் நின்றால் ஒரு பக்கம் மூட்டமும் ஈரமும், சில நூறு மீற்றர் இறங்கி மறுபக்கம் போனால் வெயிலும் காய்ந்த புல்லும். பிட்டவலப் பத்தனையின் புல்வெளி ஓரத்துக்கு நடப்பது லேசு, பிள்ளைகளும் வருவார்கள், ஆனால் அந்த ஓரத்தில் கைபிடி எதையும் எதிர்பார்க்காதீர்கள். மழை பெய்த நாளென்றால் அட்டை கடிக்கும், சவர்க்காரத்தைக் காலுறையில் பூசிக்கொண்டு போவது பழைய வழக்கம், உப்பைவிட நான் அதைத்தான் நம்புவேன்.

நான் ரிவர்ஸ்டனுக்கு எதிரானவன் இல்லை. ஓகஸ்ட் லீவென்றால் அதைத்தான் சொல்வேன். வருடத்தின் நடுவில் இங்கே கச்சான் காற்று அடிக்கும்போது, தரையிலிருந்து கடலை நோக்கி வருகிற அந்தச் சூடான வறண்ட காற்றில் மத்தியானம் வீட்டுக்குள் இருப்பதே பாடு. அந்த மாதங்களில் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போவதுதான் அன்பு. மார்கழியில் மட்டும் வேண்டாம், எங்களுக்குப் பெய்கிற அதே வடகீழ்ப் பருவமழைதான் அந்த மலையின் கிழக்குப் பக்கத்திலும் கொட்டுகிறது, மண்சரிவு வருகிற பாதைகள் அவை. ஏப்ரலுக்கு ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், புத்தாண்டு வாரத்தில் அந்தப் பாதை முழுக்க வாகனம், தங்குமிடம் கிடைப்பதும் சிரமம், இரண்டு நாளில் ஒரு நாளை வான் வண்டிக்குள் கழிப்போம். அதோடு கடல் இல்லை. ஊருக்கு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறவரைக் கடலை விட்டுத் தூரத்துக்குக் கொண்டுபோக எனக்கு மனம் வருவதில்லை.

இனி திரியாய். புல்மோட்டை வீதியால் வடக்கே போனால் நிலாவெளி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி தாண்டி வருகிற ஊர். முன்பு இறக்கக்கண்டியிலும் புடவைக்கட்டிலும் யான் ஓயாவிலும் பாதை என்று சொல்கிற மிதவைப் படகுக்குக் காத்து நின்ற வீதி இது, இப்போது பாலங்கள் இருக்கின்றன, வானில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். போரில் இடம்பெயர்ந்து வருடக்கணக்கில் வெளியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து வயலைத் திருத்திய சனம் அந்த ஊரில் வாழ்கிறது. தேத்தண்ணீரோ தண்ணீர்ப் போத்தலோ எதுவென்றாலும் அங்கேயே வாங்குங்கள், எல்லாவற்றையும் பட்டணத்து சுப்பர் மார்க்கெட்டிலிருந்து கட்டிக்கொண்டு போக வேண்டாம்.

மலை உயரமில்லை. காட்டு மரங்களுக்கு நடுவே கருங்கல் படிகள் மேலே போகின்றன, காலை நேரம் முக்கால்வாசி நிழல். பாதி வழியில் மூச்சு வாங்கிக் கதை நின்றுவிடும், அப்போது குரங்குச் சத்தமும் தூரத்தில் மயிலும் கேட்கும். உச்சியில் இருப்பது கிரிகண்டி சைத்தியம், சுற்றிவர வட்டமாக நிற்கும் கல்தூண்களோடு. புத்தருக்கு முதல் உணவு கொடுத்த தபஸ்ஸு, பல்லுக என்ற இரண்டு வணிகர்கள் கடல் வழியாக வந்து இறங்கிக் கட்டியது என்பது பௌத்தர்களின் மரபு. மலைச்சரிவுப் பாறையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, சமஸ்கிருத மொழியில், பல்லவ கிரந்த எழுத்தில், 7ஆம் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள், அதிலும் வணிகர் கூட்டம் வருகிறது. வங்கக் கடலின் இரண்டு கரையும் ஒரே கப்பலோட்டிகளுக்குப் பழக்கமாக இருந்த காலத்தின் சாட்சி அந்தப் பாறை, என்னைப் பொறுத்தவரை இந்த மாவட்டத்தில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய கல் அதுதான். பெரும்பாலானவர்கள் அதைப் பாராமல் தாண்டி உச்சிக்கு ஓடிவிடுகிறார்கள்.

உச்சியிலிருந்து கிழக்கே களப்பும் அதற்கு அப்பால் கடலும், மேற்கே வயலும் காடும். ரிவர்ஸ்டனில் கிடைக்காதது இந்தக் காட்சிதான், மலையில் நின்றபடி பின்னேரம் நடக்கப்போகிற கடலைப் பார்ப்பது.

ஒரு விஷயத்தைக் கவனமாகக் கேளுங்கள். அங்கே சப்பாத்தையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். ஏழு மணிக்குக் கல் குளிர்ந்திருக்கும், ஒன்பதரை தாண்டினால் தூண்களுக்கு நடுவே உள்ள கல் பாதத்தைச் சுடும், பத்தரைக்கு ஒரு இடத்தில் நிற்க முடியாமல் கால் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு ஓடுவீர்கள். ஒரு தடித்த காலுறை பையில் இருக்கட்டும். முழங்கால் மூடிய உடுப்பு போடுங்கள், அது வழிபாட்டிடம். போயா (முழுநிலவு) நாளில் போனால் யாத்திரை பஸ்கள் வந்து நிற்கும், அமைதி தேடிப் போகிறவர்கள் போயாவைத் தவிர்க்கலாம்.

அப்படியென்றால் இருட்டோடு போய் விடிவதற்குள் ஏறிவிடலாமே என்று தோன்றும். அதுதான் கூடாது. குச்சவெளிக்கு வடக்கே வயலும் காடும் மாறி மாறி வரும், யானை இறங்குகிற இடம், விடியப்புறமும் மாலை மங்கும் நேரமும் அவற்றின் நேரம். வானில் இருக்கும் வரை சரி, இறங்கி நடப்பது சூரியன் வந்தபிறகுதான். நாலே முக்காலுக்கு ஊரிலிருந்து வெளிக்கிட்டு, குச்சவெளியில் தேத்தண்ணீருக்கு நிறுத்தி, வெளிச்சம் வந்தபிறகு மிச்சத் தூரம் ஓடினால் ஆறே கால் ஆறரைக்கு அடிவாரம். அங்கே கடையிலோ வயலிலோ இருக்கிற யாரிடமாவது, ராத்திரி யானை எந்தப் பக்கம் நின்றது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுங்கள். சரியாகச் சொல்வார்கள், அவர்கள் வயலைக் காக்கிறவர்கள். பக்கத்தில் என்று சொன்னால் வானுக்குள் இருந்து இடியப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலம் பொறுங்கள், அவ்வளவுதான்.

எட்டரை ஒன்பதுக்கு இறங்கிவிட்டால் முன்னால் நீண்ட மத்தியானம் இருக்கிறது. இங்கேதான் கூட்டங்கள் நிலைகுலையும். சும்மா இருக்க முடியாமல் யாராவது அரிசிமலைக்குப் போவோம் என்பார். புல்மோட்டைக்குக் கிட்ட இருக்கும் அந்தக் கரையில் மணல் உண்மையிலேயே அரிசிமணி போலப் பருத்து இருக்கும், கையில் அள்ளிப் பார்க்க ஆசையாக இருக்கும். வானில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், நடக்க அல்ல. புல்மோட்டைப் பக்கத்துக் கரையில் இல்மனைட் கலந்த கறுத்த மணல், வெள்ளை மணலைவிட வெயிலை இழுத்துப் பிடிக்கும், பத்து மணிக்குப் பிறகு செருப்பையும் தாண்டிச் சூடு ஏறும். பதினொன்றுக்குள் எங்காவது மரநிழலில் பாயை விரித்துவிட வேண்டும். சோற்றுப் பார்சல், ஒரு தூக்கம், பழைய கதை. நண்பர்களோடு போவது இதற்கும்தானே.

கடல் நடை நாலு மணிக்கு. இதைக் காலையில் வைக்கிறவர்கள் எங்கள் கரை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று யோசிப்பதில்லை. கிழக்குக் கரை, காலை வெயில் கடலிலிருந்து நேராக முகத்தில் அடிக்கும், தண்ணீரில் பட்டு இரண்டாவது தரமும் அடிக்கும். பின்னேரம் சூரியன் எங்களுக்குப் பின்னால் தரைப் பக்கம் போய்விடும், நாலரைக்கெல்லாம் பனை மரங்களின் நிழல் மணலில் கோடு கோடாக விழுந்து அலை வரை நீளும். மலை நடை காலையில், கடல் நடை பின்னேரம் என்ற இந்த ஒழுங்கைத் தலைகீழாக மாற்றினால் அதே இரண்டு இடமும் தண்டனையாகிவிடும்.

குச்சவெளியில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனையில் தொடங்கித் தெற்கே கும்புறுப்பிட்டிப் பக்கமாக வாருங்கள். வானைச் சாமான்களோடு முன்னால் அனுப்பிவிட்டால் திரும்பி நடக்கத் தேவையில்லை. வழியில் மீனவர்களின் வாடிகள் வரும், கரைவலை இழுத்துக்கொண்டிருந்தால் நின்று பாருங்கள், இரண்டு முனைக் கயிறும் ஐம்பது நூறு மீற்றர் இடைவெளியில் கரைக்கு ஏறும், வலையின் மடி கிட்ட வர வர இரண்டு வரிசையும் ஒன்றையொன்று நெருங்கும். கயிற்றைத் தாண்டி மிதிக்காமல் சுற்றிப் போங்கள், அது பாரத்தில் இழுபட்டு நிற்கிறது, சறுக்கினால் காலை வெட்டும். கை கொடுக்கட்டுமா என்று கேட்டால் பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். மடியில் சாளையோ நெத்தலியோ துள்ளினால் அங்கேயே கொஞ்சம் வாங்கிவிடலாம்.

குளிக்கிறவர்களுக்கு ஒன்று. கச்சான் அடிக்கிற மாதங்களில் கடல் கரையோரம் குளம் மாதிரித் தட்டையாக இருக்கும், ஏனென்றால் காற்று தரையிலிருந்து வந்து அலையை அமுக்குகிறது. அதே காற்று காற்றடைத்த மெத்தையையும் டியூபையும் அதன்மேல் கிடக்கிற ஆளையும் வெளியே தள்ளிக்கொண்டு போகும், திரும்பி நீந்தும்போதுதான் தெரியும். அந்த மாதங்களில் மிதக்கிற சாமான் எதுவும் வேண்டாம். மழை மாதங்களில், கார்த்திகை மார்கழி தையில், குளிப்பே வேண்டாம்.

ஆகவே மாதத்தை வைத்து என் தீர்ப்பு இப்படி. மாசி பங்குனியில் லீவு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு திரியாய், அப்போது நிலம் மழை முடிந்து பச்சையாக இருக்கும், வெயிலும் பொறுக்கும். சித்திரையிலும் திரியாய்தான், ஆனால் மேலே சொன்ன நேரங்களைப் பத்து நிமிடம்கூடத் தள்ளாமல். ஓகஸ்டில் ரிவர்ஸ்டன், இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால். ஒதுக்க முடியாவிட்டால் சுவாமி மலையும் டச்சுக் குடாவும், அதுவும் பின்னேரம். டிசம்பர் லீவில் நடை என்ற பேச்சையே விட்டுவிட்டு மழை விட்ட ஒரு நாளில் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய் ஏழு கிணற்றிலும் மாறி மாறி அள்ளி ஊற்றிக்கொண்டு வாருங்கள்.

கூட்டத்தில் முழங்கால் வலிக்காரர் ஒருவர் இருந்தால் அவருக்காகத் திட்டத்தையே மாற்றத் தேவையில்லை. திரியாயில் படியடி வரை வாகனம் போகும், பின்னேரம் அவர் வானோடு முன்னால் போய் மற்றவர்கள் வந்து சேருகிற இடத்தில் பாயை விரித்து இருக்கலாம், நாள் முழுக்கச் சேர்ந்தே இருப்பார். ரிவர்ஸ்டனில் அவரைத் தனியே அறையில் விட வேண்டி வரும். எனக்கு இது சின்ன விஷயமில்லை, திரியாய்க்கு நான் கொடுக்கிற புள்ளியில் பாதி இதற்குத்தான்.

கொண்டுபோக வேண்டியது அதிகமில்லை. ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், அதில் ஒரு லீற்றரில் ஜீவனி என்கிற உப்புச் சீனிக் கரைசல் பக்கெட் கரைத்தது, இளநீர் வழியில் கிடைக்கும் என்று நம்பி அதைக் குறைக்க வேண்டாம். அகலத் தொப்பி, நீளக் கைச் சட்டை, ஒரு டோர்ச், குப்பைக்கு ஒரு உரப்பை. வானை ஒரு வாரத்துக்கு முன்பே பேசிவிடுங்கள், புத்தாண்டு நேரம் கடைசி நாளில் கேட்டால் கிடைக்காது. பேசும்போதே சாரதியிடம் இரண்டு விஷயத்தைச் சொல்லி ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும்: விடியப்புறம் நாலே முக்காலுக்கு வாசலில் நிற்க வேண்டும், பின்னேரம் ஆறரைக்குக் கும்புறுப்பிட்டிக் கரைக்கு இறங்குகிற ஒழுங்கையில் எங்களை ஏற்ற வேண்டும். ஒழுங்கையின் படத்தைக் காலையில் போகும்போதே அவருடைய போனில் எடுத்துக் கொடுத்துவிடுங்கள், கரையிலிருந்து பார்த்தால் எல்லா ஒழுங்கையும் ஒன்றுபோலத்தான் தெரியும்.